இரைச்சல் ஹெட்போனிலா, காதிலா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் புகார் வந்துவிட்டது.

“பாப்பா, நீ வாங்கிக் கொடுத்த ஹெட்போன் சரியில்லம்மா. இடது பக்கம் கொய்யுன்னு ஒரே இரைச்சல்.”

அம்மாவுக்கு 64 வயது. மதியம் கைப்பேசியில் பழைய பாடல், இரவில் நாடகம். அப்பா சீக்கிரம் தூங்கிவிடுவதால் ஹெட்போன் இல்லாமல் முடியாது. மூன்று மாதத்தில் இது மூன்றாவது ஹெட்போன். முதல் இரண்டும் இதே குற்றச்சாட்டில் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன. மலிவான பொருள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, மூன்றாவதை 180 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். அதிலும் இரைச்சலா?

தினமும் நான்கு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவள் நான். நிலையத்தில் இப்படி ஏதாவது வந்தால், பொறியாளரைக் கூப்பிடுவதற்கு முன் நாங்களே சில சோதனைகளைச் செய்து பார்ப்போம். அதே சோதனைகளை அம்மாவின் சாப்பாட்டு மேசையில் செய்தேன். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை.

என்ன மாதிரி சத்தம்?

வயரை அசைக்கும்போது மட்டும் ‘கரகர’ என்றால், உள்ளே கம்பி அறுந்திருக்கலாம், அல்லது ஜாக் முனையில் அழுக்கு இருக்கலாம். மடிக்கணினி சார்ஜ் ஆகும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று உறுமினால், அது மின்சாரத்தின் சத்தம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்கிறது. எர்த் சரியில்லாத இடத்தில் அந்த அதிர்வு காதுவரை வந்துவிடும். சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் ஹெட்போன் மேல் தப்பில்லை.

புளூடூத் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்டால், சுற்றுப்புறத்தைப் பாருங்கள். புளூடூத்தும், பல வீடுகளின் வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் இயங்குகின்றன. மேளச் சத்தம் வரும் இடத்தில் மட்டும் ‘டர்ர்’ என்று அதிர்ந்தால், ஸ்பீக்கர் மேல் ஒரு தலைமுடி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். நிலையத்தில் ஒரு முறை அரை நாள் எங்களைச் சுற்றவிட்டது ஒரே ஒரு முடிதான்.

மாற்றிப் போட்டுப் பாருங்கள்

அடுத்து, அதே ஹெட்போனை வேறு கைப்பேசியில் போடுங்கள். சத்தம் கூடவே வந்தால் கோளாறு ஹெட்போனில். வராவிட்டால் கைப்பேசியில், அல்லது அதன் துளையில். பாக்கெட்டில் சேரும் பஞ்சுத்தூசி அந்தத் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கைப்பேசியை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, ஹேர்பின் வேண்டாம்.

அம்மாவின் ஹெட்போனை என் கைப்பேசியில் போட்டேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்கு மட்டும் அதே ‘கொய்’.

சுத்தம் செய்யும் முறை

சரி, அழுக்காக இருக்கும் என்று துடைக்க உட்கார்ந்தேன். நம் ஊர் வெக்கையில் வியர்வை, எண்ணெய், காதழுக்கு எல்லாம் சேர்ந்துவிடும். ஜாக் முனையை 70 விழுக்காடு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். தோல் போன்ற காது மெத்தையில் ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் வெடித்து உரியும். ஈரம் பிழிந்த துணியே போதும்.

காதுக்குள் போடும் சிறிய வகையென்றால், ரப்பர் முனையைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வலைப் பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மென்மையான பல் துலக்கியால் தேய்த்தால் தூசி வெளியே விழும். மேல்நோக்கிப் பிடித்தால் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவாகக் கேட்பதற்கு இந்த வலை அடைப்பே பல நேரம் காரணம். இரவில் ஒரு டப்பாவில், காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் ஈரம் அண்டாது.

எல்லாம் செய்து முடித்துக் கொடுத்தேன். “இன்னும் இருக்கும்மா” என்றார் அம்மா.

கடைசிச் சோதனை

எங்களிடம் இன்னொரு சோதனை உண்டு. ஹெட்போனைத் திருப்பி மாட்டுவது. இடது பக்கத்தை வலது காதில், வலது பக்கத்தை இடது காதில். கோளாறு கருவியில் இருந்தால் இரைச்சலும் வலது காதுக்கு மாற வேண்டும்.

திருப்பி மாட்டிவிட்டேன். “இப்ப எந்தக் காதுலம்மா?”

அம்மா இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

பாட்டை நிறுத்தினேன். வயரைக் கழற்றினேன். அம்மா கை இன்னும் அங்கேயே இருந்தது. அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. வெளிச் சத்தத்தை ஹெட்போன் மறைத்ததும், காதுக்குள் இருந்த சத்தம் எடுப்பாகக் கேட்டிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இடது காதில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தது. தினமும் குளித்துவிட்டுப் பஞ்சுக்குச்சி போடும் பழக்கம் அம்மாவுக்கு. அது அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி எடுத்துவிட்டார். இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் கேட்கும் திறன் சோதனையில் இரண்டு காதிலும் கீச்சென்ற மெல்லிய ஒலிகள் குறைவாகவே கேட்பது தெரிந்தது. அது வயதோடு வருவது, திரும்பாது. இனி இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சில மாதமாகவே அம்மா, “நீ முன்ன மாதிரி ரேடியோவுல தெளிவா பேசுறதில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோபித்துக்கொண்டேன். ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகள் அந்த மெல்லிய ஒலிகளில்தான் தெளிவு பெறுகின்றன. அவர் குறை சொல்லவில்லை. தனக்கு என்ன கேட்கிறது என்பதைச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் கைப்பேசியில் ஒலி அளவு எப்போதும் உச்சத்தில் இருந்தது. இரைச்சல் வந்தால் நாம் எல்லாருமே அதைத்தான் செய்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அது வெறும் 4 மணி நேரமாகக் குறைந்துவிடும். ஆகவே இரைச்சல் வந்தால் ஒலியைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் தேடிக்கொண்டும் இருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள்.

இழுப்பறையில் கிடந்த இரண்டு ஹெட்போன்களையும் எடுத்துச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. ஒன்றை அப்பா எடுத்துக்கொண்டார். இன்னொன்று இப்போது என் பையில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது ‘இது சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், புதிது வாங்குவதற்கு முன் ஒரு முறை திருப்பி மாட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.