அடியில் ஓட்டையும் வேண்டாம், கார் பேட்டரியும் வேண்டாம்

கயாக்கில் போய்த் தூண்டில் போடுகிறவர்களிடம் ஃபிஷ் ஃபைண்டர் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அதெல்லாம் இன்ஜின் போட்டுக்குத்தான் சார், கயாக்குக்குச் சரிப்படாது.” ஏன் சரிப்படாது என்று கேட்டால் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அடிப்பக்கம் ஓட்டை போட வேண்டும். கார் பேட்டரியைத் தூக்கி வைக்க வேண்டும். ஐந்நூறு வாட் கருவி அந்த பேட்டரியையும் ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். லித்தியம் வைத்தால் வெடிக்கும். இத்தனையும் தாண்டிப் பொருத்தினாலும் உப்புத் தண்ணீர் ஒரே பருவத்தில் தின்றுவிடும். ஆடுகிற கயாக்கில் தெரியும் படத்தை நம்பவும் முடியாது.

கேட்கும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் படும். பெரிய படகுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வரும் பயங்கள் இவை. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். மிச்சத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

வாட் கணக்கிலிருந்து தொடங்கலாம்; மற்றப் பயங்களுக்கெல்லாம் தாய் அதுதான். கருவியின் அட்டைப்பெட்டியில் 500 வாட் என்று போட்டிருக்கும். சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 4000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கும். அது அலையின் மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை அளந்த எண், அதே 500இன் எட்டு மடங்கு, அவ்வளவுதான். 500 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் நாற்பது ஆம்பியருக்கு மேல் வருகிறது. அப்படி இழுத்தால் 35 ஆம்பியர்-மணி கார் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்பது வாஸ்தவம். வகுத்தல் சரி, எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு.

அந்த 500 வாட், கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும் கணத்துக்கு மட்டும் உரியது. ஒரு துடிப்பு 0.2 மில்லி செகண்ட் நீள்கிறது, நொடிக்கு இருபது துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் கருவி கத்துவது 4 மில்லி செகண்ட். மீதி 996 மில்லி செகண்டும் எதிரொலிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. சராசரி பார்த்தால் ஒலிக்குச் செலவாவது 2 வாட். உண்மையில் மின்சாரத்தைத் தின்பது திரையின் விளக்கு. அதனால்தான் 4 அங்குலத் திரை கொண்ட சிறு கருவிகள் மொத்தமாகவே கால் ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கின்றன; 5 அங்குலம் என்றால் 0.6 ஆம்பியர் சுமார். 7 அங்குலமும் பக்கவாட்டு ஸ்கேனும் சேர்ந்தால் 1 ஆம்பியரைத் தாண்டும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த எண் இருக்கும். பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

இனி கார் பேட்டரி. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, செங்கல் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, அது போதும். எடை இரண்டு, இரண்டேகால் கிலோ. சென்னை ரிச்சி தெருவில் மட்டுமில்லை, யுபிஎஸ் பழுது பார்க்கும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். இந்த லீட்-ஆசிட் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் கொள்ளளவில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தப் பாதி, மூன்றரை ஆம்பியர்-மணி, கால் ஆம்பியர் கருவிக்கு பதினான்கு மணி நேரம் வரும். விடியலில் இறங்கி உச்சி வெயிலுக்குள் கரையேறும் ஒருவர் இரண்டு நாள் ஓட்டலாம். 5 அங்குலக் கருவிக்கும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: இந்த பேட்டரிகளின் 7 என்ற எண், இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கி அளந்தது, அதாவது 0.35 ஆம்பியர் வேகத்தில். வேகமாக இறக்கினால் அந்த எண் குறையும். சிறு ஃபிஷ் ஃபைண்டர் அதைவிட மெதுவாகவே இழுப்பதால் பெட்டியில் எழுதியது அப்படியே கைக்கு வருகிறது. இன்வெர்ட்டரில் இதே பேட்டரி பாதி நேரத்தில் சாகிறதே என்று ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வரலாறும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மீன் காட்டி, தொழில்முறைப் படகுகளுக்கானது. ஆனால் அமெரிக்காவில் லோரன்ஸ் நிறுவனம் 1950களின் கடைசியில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்காகச் செய்தது, கையில் தூக்கிப் போகும் ஒரு பச்சைப் பெட்டி. லாந்தர் விளக்குக்குப் போடும் பேட்டரியில் அது ஓடியது. தூண்டில்காரரின் சோனார் பிறந்ததே துடுப்புப் படகிலும் வைக்கக்கூடிய கருவியாகத்தான்.

லித்தியம் வெடிக்கும் என்பவர்கள் எல்லா லித்தியத்தையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். ட்ரோனிலும் போனிலும் இருப்பது ஒரு வகை. கயாக்குக்கு விற்கப்படுவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் கோபால்ட் வகைபோல் எளிதில் கட்டுமீறித் தீப்பற்றாது. 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட், கருவிக்கு அது கச்சிதம். 6 ஆம்பியர்-மணிக்கு எடை ஒரு கிலோவுக்குள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பார்த்து: பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கி வீட்டில் கட்டும் பொதிகள். மூன்று செல் வரிசை நிறைந்திருக்கையில் 12.6 வோல்ட் காட்டும், இறங்கும்போது 9 வரை போகும். பல கருவிகள் 10 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பொதியை நனையும் இடத்தில் வைப்பது, மலிவு என்ற ஒரே காரணத்துக்காக, எனக்குச் சரியாகப் படவில்லை.

இரும்பு பாஸ்பேட்டிலும் ஒரு குறை உண்டு. லீட்-ஆசிட் மெல்ல மெல்ல இறங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். இது கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டிக் காட்டிவிட்டுப் பட்டென்று நின்றுவிடும். திரையில் தெரியும் பேட்டரி எண்ணை நம்பாமல் மணிக்கணக்கை நம்ப வேண்டும். சார்ஜரும் இதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். லீட்-ஆசிட்டைப் புதுப்பிக்க மின்துடிப்பு அனுப்பும் சார்ஜர்கள் ஆகவே ஆகாது.

அடிப்பக்க ஓட்டைதான் பலரைத் தடுத்து நிறுத்துகிறது. அது தேவையே இல்லை. பிளாஸ்டிக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனை வார்த்துச் செய்பவை. ஓட்டின் கனம் ஐந்தாறு மில்லிமீட்டர். ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு திரும்பி வரும் என்பது இரண்டின் அடர்த்தியையும் அவற்றில் ஒலி ஓடும் வேகத்தையும் பொறுத்தது. பாலிஎத்திலீன் இந்த விஷயத்தில் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட உறவுக்காரன்; எல்லையில் நூற்றுக்குச் சில பங்கு ஒலிதான் திரும்பும். காற்று அப்படியில்லை, ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கேன் எடுக்கும் டாக்டர் வயிற்றில் ஜெல் தடவுவது இதனால்தான்: கருவிக்கும் தோலுக்கும் நடுவில் இழையளவு காற்றுகூட இருக்கக் கூடாது. ஆக, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரை ஓட்டுக்கு உள்பக்கம் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி வைத்தால், அது ஓட்டின் ஊடாகவே கீழே பார்க்கும்.

“நான் எபாக்சி போட்டு ஒட்டினேன், பத்து நாளில் பெயர்ந்துவிட்டது” என்று சொல்பவர்கள் உண்டு. பெயராமல் என்ன செய்யும்? பாலிஎத்திலீன் மேல் எபாக்சி பிடிப்பதில்லை. அது ஃபைபர் கயாக்குக்கான வழி. பிளாஸ்டிக் ஓட்டில், மூடிய நுரை ரப்பரை வளையமாக வெட்டி ஒட்டி, நடுக்குழியில் டிரான்ஸ்டியூசரை வைத்து, வளைந்து கொடுக்கும் கடல்வகை சீலன்ட் ஊற்றலாம். ஊற்றிய பிறகு டிரான்ஸ்டியூசரை லேசாகத் திருகி அழுத்தினால் குமிழ்கள் வெளியேறும். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை கட்டாயம்: ஓட்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதில் டிரான்ஸ்டியூசரை அமிழ்த்தி வைத்து ஆழத்தைப் படியுங்கள், பிறகு அதே இடத்தில் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் இடம் சரி. நடுமுதுகு விளிம்பின் மேலோ, மிதவை நுரைக் கட்டிக்கு அடியிலோ வைத்தால் ஒத்துப்போகாது. அடிப்பாகத்தில் நுரை அடுக்கு உள்ள கயாக்கிலும் காற்றடைத்த கயாக்கிலும் இந்த வழி செல்லாது. நுரைக்குள் இருப்பதும் காற்றுதான்.

பக்கவாட்டில் கம்பிக் கை வைத்துத் தொங்கவிடுவது இன்னொரு வழி. ஏரிக்கும் காயலுக்கும் அது நல்லது. அலை உடைந்து விழும் கரையில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கையை மடக்க மறந்த ஒரு தடவை போதும், மணலில் குத்தி முறிந்துவிடும். இருக்கைக்குக் கீழே தண்ணீர் வடியும் ஸ்கப்பர் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. சில மாதிரிகளில் அந்தத் துளையிலேயே டிரான்ஸ்டியூசருக்கு இடம் வார்த்திருக்கிறார்கள். கேபிளை உள்ளே கொண்டுபோக வேண்டிய ஒரே துளை மேல்தளத்தில், நீர்க்கோட்டுக்கு எட்டாத உயரத்தில்; அதற்கும் எலக்ட்ரீஷியன் வைக்கும் ரப்பர் கிளாண்ட் ஒன்று போட்டால் வேலை முடிந்தது.

எதிர்ப்பாளர்களுக்கு இங்கே ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். ஓட்டுக்குள்ளிருந்து பக்கவாட்டு ஸ்கேன் வராது. 455, 800 கிலோஹெர்ட்ஸில் எடுக்கும் கூர்மையான படமும் மங்கும். தண்ணீரின் வெப்பநிலை என்று கருவி காட்டுவது ஓட்டின் வெப்பநிலை. 200, 83 கிலோஹெர்ட்ஸ் சாதாரண சோனாருக்குப் படம் மங்கும் குறை அவ்வளவாகக் கிடையாது. பக்கவாட்டுப் படம் வேண்டுமென்றே காசைக் கொட்டியவர் டிரான்ஸ்டியூசரை வெளியில்தான் வைக்க வேண்டும்.

உப்பு தின்றுவிடும் என்பது உண்மை; தின்பது கருவியை அல்ல, இணைப்புகளை. பேட்டரி முனைகள் உப்பு நீரில் நனைந்தால் மின்பகுப்பு தொடங்கிவிடும். நேர்முனை பச்சை பிடித்துக் கரையும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், முனைகளில் மின்கடத்தாக் கிரீஸ், மூடி இறுகும் டப்பா, கரைக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர். இவ்வளவுதான் மருந்து. லீட்-ஆசிட்டை சார்ஜ் போடும்போது டப்பாவின் மூடியைத் திறந்து வையுங்கள், ஹைட்ரஜன் வெளியேறும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை ஃப்யூஸ். ஓட்டைக்குப் பயப்படுகிற அதே ஆட்கள் ஃப்யூஸ் இல்லாமல் கம்பியை நேராக பேட்டரியில் முறுக்கிவிடுகிறார்கள். அந்த யுபிஎஸ் கட்டி சின்னதுதான், ஆனால் இரு முனையும் தொட்டுக்கொண்டால் மெல்லிய கம்பியைச் சிவக்கக் காய்ச்சும். கையேட்டில் சொன்ன அளவு ஃப்யூஸ், பெரும்பாலும் 3 ஆம்பியர், நேர்முனையை ஒட்டியே இருக்க வேண்டும். கருவிப் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள கம்பிக்குக் காவல் இல்லை.

ஆட்டம் பற்றிய புகாருக்குப் பதில் எளிது. 20 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கிறது. சாதாரண ஆட்டத்தில் கயாக்குக்கு நேர்கீழ் இடம் அந்த வட்டத்தை விட்டு விலகாது. சொல்லப்போனால் கயாக்தான் வசதியான மேடை. விசைப்படகில் புரொப்பல்லர் கிளப்பும் குமிழ்களைத் தவிர்த்து டிரான்ஸ்டியூசருக்கு இடம் தேட வேண்டும். துடுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. புதியவர்களைக் குழப்புவது வேறு. மீன் என்றால் வில் வடிவம் என்று படித்திருப்பார்கள். வில், கூம்பைக் கடந்து போகும் மீனுக்குத்தான் வரும். கயாக்கும் நின்று மீனும் நின்றால் திரையில் நீளக் கோடுதான் ஓடும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அந்த ஆழத்தில் 20 டிகிரிக் கூம்பு பார்ப்பது ஒரு முழத்துக்கும் குறைவான வட்டம்; துடுப்பை நட்டாலே தரை மணலா சேறா என்று தெரிந்துவிடும். அங்கே மட்டும் போய்வருகிறவர் அந்தக் காசில் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொள்ளட்டும். கடலில் பத்துப் பாகம் ஆழம் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறைத் திட்டைத் தேடிப் போகிறவருக்கு இந்தப் பதில் பொருந்தாது.