முதல் மலரும் கடைமடையும்

அமெரிக்க நாட்டிலே ஒரு வழக்கம் உண்டு. பேஸ்பால் ஆட்டப் பருவம் துவங்கும் நாளிலே, குடியரசுத் தலைவர் முதல் பந்தை எறிவார். 1910 ஏப்ரல் 14-ல் வாஷிங்டனில் டாப்ட் எறிந்தார். பின்னே வந்தவர்கள் பலரும் எறிந்தனர். பந்து நேரே போனாலும் சரி, கோணிக்கொண்டு போனாலும் சரி, கணக்கிலே சேராது. எறிந்தவர் இருக்கைக்குத் திரும்புவார். ஆடத் தெரிந்தவர்கள் ஆடுவார்கள்.

நம் நாட்டிலும் உண்டு முதல் வீச்சு. பந்து அல்ல, பூ! மைதானத்திலே அல்ல, மதகடியிலே!

மேட்டூர் அணையிலே ஜூன் 12 குறித்த நாள். முதலமைச்சர் மதகைத் திறப்பார். பாய்ந்துவரும் காவிரியில் மலர் தூவுவார். முக்கொம்பிலே இரண்டாய்ப் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்கி, கல்லணைக்கு வரும் நீருக்கு அங்கே மீண்டும் ஒரு மலர் வரவேற்பு. 2025-ல் ஜூன் 12 மேட்டூரிலும், ஜூன் 15 கல்லணையிலும் திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின்.

பூவை இறைப்பதால் பயிர் விளையுமா என்று கேலி பேசுவோர் உண்டு. நாம் அப்படிப் பேசமாட்டோம். நாளறிந்து நாற்றங்கால் போடுகிறான் உழவன். தலைவர் வந்து திறக்கிறார் என்றால், அதற்குள் தூர்வார வேண்டும், ஷட்டர் பழுது பார்க்க வேண்டும் என்ற அச்சம் அலுவலகங்களிலே பிறக்கிறது. அந்த அச்சமே அந்தப் பூவின் மணம்!

ஆனால், அமெரிக்கப் பந்துக்குக் கணக்கில்லை. நம் பூவுக்குக் கணக்குண்டு. அதை மறந்தால் என்ன ஆகும்?

2018 ஜூலை 19. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மேட்டூரிலே மதகு திறந்தார். மலர் தூவினார். ஆகஸ்டு 22 இரவு, திருச்சி முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்து மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின! மணல் மூட்டை சுமந்து அடைக்க நேர்ந்தது. மதகைத் திறக்க மேடை இருந்தது. மதகைக் காக்க மனம் இருந்ததா?

2022-ல் நீர் நிறைந்திருந்தது. மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூன் 12 வந்தது; திறக்க நீரில்லை. நாள்காட்டிக்குக் காவிரி கட்டுப்படாது. கருநாடகம் தரவேண்டியதைத் தரவேண்டும், மழை பெய்யவேண்டும், இருப்பு சேரவேண்டும். அவற்றுக்கான வாதமும் விழிப்பும் ஆண்டு முழுதும் வேண்டியவை. ஒருநாள் விழாவிலே முடிபவை அல்ல.

எந்தக் கட்சி ஆண்டபோது எது நடந்தது என்று பட்டியல் போடுவது எளிது. உழவனுக்கு அதனால் ஒரு மரக்கால் நெல்லும் கூடாது. நாம் கேட்பது இரண்டே. திறப்பு மேடையிலே, எந்த வாய்க்கால் தூர்வாரப்பட்டது, எது பாக்கி, எந்த மதகு பழுது என்று ஊரறியப் படிக்கட்டும். மலர் தூவும் கை, நீர் கடைமடை சேரும் நாளிலே நாகைப் பக்கத்து வயல் வரப்புக்கும் வரட்டும்.

முதல் பூ தலைவருடையதாக இருக்கட்டும், மறுப்பில்லை. கடைசிச் சொட்டு உழவனுடையதாக இருக்கவேண்டும். அங்கே போய்ச் சேராத நீருக்கு, இங்கே தூவிய பூ வெறும் குப்பை!