பிரேக்கை யார் எண்ணுவது?

கோவையில் பஞ்சாலைச் சம்பளம் வாங்கிய யாரிடமாவது போய் "இன்னிக்கு இழை நிறைய அறுகுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அனுதாபம் வராது. "நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு எத்தனைங்க?" என்ற கேள்விதான் வரும்.

நான் ஒரு மில்லில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். வேலையில் பாதி நாள் பிரேக்கேஜ் ஸ்டடிதான். அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஸ்பின்னிங் மெஷின் ஓரமாக நடக்க வேண்டும். எந்த ஸ்பிண்டிலில் அறுந்தது, என்ன காரணம், எத்தனை நேரத்தில் எத்தனை என்று கோடு போட வேண்டும். அவிநாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் "சித்ரா, சித்ரா" என்று கூவுவாரே, அந்தத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் 1956-ல் தொடங்கியது. கண்ணால் பார்த்தது போதாது, கணக்கு வேண்டும் என்பதை இந்த ஊர் மில்களுக்குப் படியவைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அறுந்த இழையை மட்டும் எண்ணினால் பயனில்லை. எத்தனை ஸ்பிண்டில், எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் சேர்ந்தால்தான் அது கணக்கு.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு கோபம். கேரம் மேல் கோபம்.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஏழாவது படிக்கிறாள். கேரமில் நல்ல கை. போன வருஷம் ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். முதல் சுற்றிலேயே தோற்றாள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "பாப்பாவுக்கு பிரேக் சரியில்லைங்க. அதுவுமில்லாம டாஸ் அந்தப் புள்ளைக்கு விழுந்துருச்சு. டாஸ் ஜெயிச்சா பாதி மேட்ச் ஜெயிச்ச மாதிரி" என்றார். எனக்குப் பழைய வியாதி. "பாப்பா எத்தனை பிரேக் அடிச்சா, அதுல எத்தனையில காய் விழுந்துச்சுங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேத்தி காரில் வரும்போது பேசவே இல்லை. வீடு வந்ததும், "அப்புச்சி, எனக்கு பிரேக்கே வராது. இனி நான் வெளையாடலை" என்றாள்.

யாரும் எண்ணாத ஒரு விஷயத்துக்காக ஒரு பிள்ளை ஆட்டத்தையே விடப் பார்த்தது. அதுதான் என் கோபம்.

பிரேக் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் ரெட், சுற்றி 6, அதைச் சுற்றி 12, ஆக 19 காய். உடைப்பவருக்கு வெள்ளை. போர்டை முடித்தவருக்கு எதிராளியின் மிச்சக் காய் ஒன்றுக்கு ஒரு புள்ளி, ரெட்டும் அவருடையது என்றால் இன்னும் 3. ஆக ஒரு போர்டில் அதிகபட்சம் 12. ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு. பிரேக் மாறி மாறி வரும்.

எட்டுப் போர்டும் ஓடினால் ஆளுக்கு நான்கு பிரேக், நியாயம். ஆனால் 12, 12, 1 என்று மூன்றே போர்டில் 25 வந்துவிட முடியும். அப்படி முடிந்தால் முதலில் உடைத்தவருக்கு இரண்டு பிரேக், மற்றவருக்கு ஒன்று. ஐந்தில் முடிந்தால் மூன்றுக்கு இரண்டு. எட்டு முடிந்தும் சமம் என்றால் கூடுதலாக ஒரு போர்டு, அதில் ஒருவருக்குத்தான் பிரேக். ஆகவே "டாஸ் பாதி மேட்ச்" என்பது உண்மையாகவும் இருக்கலாம், வெறும் புலம்பலாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல எண்ணிக்கை வேண்டும்.

"எண்ணறாங்களே, ஸ்லாம் கணக்கு வருதே" என்பீர்கள். வருகிறது. பெரிய போட்டிகளின் செய்தியில் இத்தனை ஒயிட் ஸ்லாம், இத்தனை பிளாக் ஸ்லாம் என்று ஒரு வரி இருக்கும். உடைத்தவர் அதே கையில் எல்லா வெள்ளையையும் முடித்தால் ஒயிட் ஸ்லாம். அடுத்தவர் தன் முதல் கையிலேயே கருப்பை முடித்தால் பிளாக் ஸ்லாம். பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் எத்தனை போர்டு ஆடியதில் அத்தனை ஸ்லாம்? அந்த வரி செய்தியில் இல்லை. என் மில்லில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் மேனேஜர் அதைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார்.

அமெரிக்காவில் பூல் என்று ஒரு ஆட்டம், நம் மால்களிலும் மேசை போட்டிருக்கிறார்கள். அங்கே பாட் ஃபிளெமிங் என்ற ஆட்டக்காரர் 1980-களிலேயே அக்யூ-ஸ்டாட்ஸ் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். விழுந்த பந்துகளை, விழுந்த பந்தும் செய்த தவறும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது. உடைப்பில் செய்யும் தவறும் அந்தத் தவறுகளில் ஒன்று. 2001 அமெரிக்க ஓப்பனில் கோரி டூயல் ஓங்கி அடிப்பதை விட்டு மெதுவாக உடைத்து, இறுதி ஆட்டத்தில் மைக் சீகல் என்ற ஜாம்பவானை 11-0 என்று சாய்த்தார். பின்னாளில் பல போட்டிகளில் விதி வந்தது: உடைக்கும்போது குறைந்தது மூன்று பந்தாவது குழியில் விழ வேண்டும், அல்லது மேசையின் மறுபக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். உடைப்பைக் கவனித்தார்கள், பேசினார்கள், விதியைத் திருத்தினார்கள்.

அவர்கள் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. பல பூல் போட்டிகளில் ஜெயித்தவரே மறுபடி உடைப்பார். அதனால் திறமைசாலியே அதிகம் உடைப்பார். "உடைத்தவர் இத்தனை சதவீதம் ஜெயித்தார்" என்று எழுதினால், அதில் பிரேக்கின் பலன் எவ்வளவு, ஆளின் திறமை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நல்ல பஞ்சைப் போட்டுவிட்டு மெஷின் நன்றாக ஓடுகிறது என்பது போல.

கேரமில் அந்தக் குழப்பம் இல்லை. இங்கே அதே இரண்டு பேர், ஒரு போர்டில் இவர் உடைக்கிறார், அடுத்ததில் அவர். ஒருவர் உடைத்த போர்டுகளையும் உடைக்காத போர்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரேக்கின் மதிப்பு தன்னால் தெரியும். பூலைவிடச் சுத்தமான கணக்கு நம் மேசையில் கிடக்கிறது. நாம் போரிக் பவுடரோடு சேர்த்து அதையும் துடைத்துப் போடுகிறோம்.

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டது எங்கே? சென்னையில். அதே 1988-ல் அதே சென்னைக்காரரான ஆனந்த் இந்தியாவின் முதல் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். செஸ்ஸில் ஒவ்வொரு நகர்வையும் ஆடுபவரே எழுதுகிறார். அதனால்தான் வெள்ளைக்கு நூற்றுக்கு 52 முதல் 56 வரை கிடைக்கிறது என்று இன்று உலகத்துக்கே தெரியும். பிள்ளைகள் பழைய ஆட்டங்களை எடுத்துப் போட்டுப் படிக்கிறார்கள். கேரமில் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகப் பட்டம் வென்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கிவந்தார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. மகிழ்ச்சி. ஆனால் என் பேத்திக்கு நான் எதைக் காட்டுவது? பட்டத்தையும் போட்டோவையும் காட்டலாம். அவர்கள் எப்படி உடைத்தார்கள், உடைத்த பின் போர்டு எப்படிப் போனது என்பதை எந்தத் தாளில் காட்டுவது?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "கேரம் கை நேக்குங்க, கணக்குல வராது" என்பார்கள். நூல் பிடிப்பதும் கை நேக்குதான், அதையும் எண்ணினோம். "அதுக்கு ஆளுக்கும் காசுக்கும் எங்க போறது?" என்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் அம்பயர் புள்ளி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அதே தாளில் நான்கு கட்டம் சேர்த்தால் போதும்:

யார் உடைத்தார். பிரேக்கில் விழுந்தது வெள்ளையா, கருப்பா, ஒன்றுமில்லையா. கை எத்தனை காய்க்குப் பிறகு மாறியது. போர்டு யாருக்கு, எத்தனை புள்ளி.

ஒரு போர்டுக்குப் பத்து விநாடி. ஒரு போட்டியில் எண்ணியதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு ஷிஃப்டை வைத்து நாங்களும் சொல்லமாட்டோம். நான்கைந்து மாவட்டப் போட்டிகளின் தாளைச் சேர்த்தாலே பேச ஏதாவது இருக்கும். பிரேக் உண்மையிலேயே அவ்வளவு பெரியது என்று தெரிந்தால், எல்லா ஆட்டத்திலும் இருவருக்கும் சமமான பிரேக் கிடைக்க விதியை மாற்றுங்கள். இல்லை என்று தெரிந்தால், தோற்ற பிள்ளையிடம் டாஸைக் காரணம் சொல்வதை நிறுத்துங்கள்.

பேத்தி கதையை முடிக்கிறேன். அவளைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "கண்ணு, ஒரு மாசம் நான் எண்ணிப் பாக்கறேன், அப்புறம் விட்டுரு" என்றேன். தினமும் சாயங்காலம் அவளும் அவள் அண்ணனும் ஆட, நான் நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். மாசக் கடைசியில் நோட்டைக் கொடுத்து அவளையே கூட்டச் சொன்னேன். பிரேக்கில் அவளுக்குக் காய் விழுவது அண்ணனைவிட மோசமில்லை. கை மாறியதெல்லாம் அதற்கு அடுத்த அடியில். பிரேக் விழுந்த சந்தோஷத்தில் அவசரப்பட்டு ரெட்டுக்குப் போய்விடுகிறாள்.

அவள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எம்பட பிரேக் நல்லாத்தான் இருக்குதா அப்புச்சி?" என்றாள். இப்போது ரெட்டைத் தள்ளிப்போடப் பழகுகிறாள். நோட்டை அவளே எழுதுகிறாள். வருகிற போட்டிக்கு அதையும் எடுத்துக்கொண்டு போகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளை கேரம் ஆடினால் நீங்களும் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். ரிட்டயர் ஆனவர்களுக்கு இதைவிட என்ன வேலை?