எழுபது கிலோ

உங்கள் எடை எவ்வளவு? சத்தமாகச் சொல்ல வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

எழுபதுக்கு மேல் என்றால் உங்களுக்கு ஒரு சேதி. வண்டி இழுக்கிற, பொதி சுமக்கிற பிராணிகளை வதைக்கக் கூடாது என்று 1965-ல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. எந்த மிருகத்தின் மேல் எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் கணக்கே உண்டு. கழுதைக்கு 50 கிலோ. கோவேறு கழுதைக்கு 200. மட்டக்குதிரைக்கு 70.

'அது மூட்டைக்குப் போட்ட கணக்கு சார், மனுஷனுக்கு இல்லை' என்று யாராவது சட்டம் பேசலாம். பேசட்டும். குதிரையின் முதுகெலும்புக்கு மிளகாய் வத்தல் மூட்டைக்கும் விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரிக்கும் வித்தியாசம் தெரியாது. மூட்டையாவது சிவனே என்று கிடக்கும். நாம் மேலே உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்க இப்படியும் அப்படியும் நெளிகிறோம்.

அக்னி நட்சத்திரம் வந்தால் எங்கள் பக்கத்து வேன்கள் எல்லாம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று பாதி மாவட்டம் ஏரிக்கரையில்தான் நிற்கும். நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிற ஊரிலிருந்து ஒரே மூச்சில் இரண்டாயிரத்து நூறு மீட்டருக்குப் போகிறோம். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். முதல் மேட்டிலேயே நமக்கு இரைக்கிறது. ஏரியைச் சுற்றி மொத்தமே ஐந்து கிலோமீட்டர்தான். நடந்தால் தொப்பைக்கு நல்லது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நமக்கு மூச்சு வாங்குகிறது என்று குதிரை மேல் ஏறிக்கொள்கிறோம். மூச்சு வாங்குகிற வேலையைக் குதிரைக்கு மாற்றிவிடுகிறோம். இதற்குப் பெயர் உல்லாசம்!

குதிரை எப்படி மூச்சு விடுகிறது தெரியுமா? மூக்கால் மட்டும்தான். நம்மைப் போல வாயைத் திறந்து 'ஹா... ஹா...' என்று இரைக்க அதனால் முடியாது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான் கிடைக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை அடிக்கிற இதயம் அப்போது இருநூறைத் தாண்டும். மண்ணீரலில் சேர்த்து வைத்திருக்கிற சிவப்பணுக்களை அவசரத்துக்கு ரத்தத்தில் இறக்கிவிடும். அற்புதமான மெஷின்தான். ஆனால் அந்த மெஷினுக்கும் காற்று வேண்டும்.

கொடைக்கானல் குதிரையாவது மலையிலேயே இருந்து பழகியது. ஊட்டி ரேஸ் குதிரையை நினைத்துப் பாருங்கள். சமவெளியில் இருக்கிற குதிரையைக் கோடையில் லாரியில் ஏற்றி, 2,200 மீட்டருக்கு மேலே கொண்டுபோய், முழு வேகத்தில் ஓடு என்று அடிப்பார்கள். சில வாரம் முன்பே கொண்டுபோய்ப் பழக்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும், உண்மைதான். ஆனால் காற்று கூடாது.

2024 ஜூலையில் அந்த மைதானத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 52 ஏக்கர். காரணம் என்ன? 822 கோடி ரூபாய் வாடகை பாக்கி. அதே வருடம் செப்டம்பரில் கிண்டி. அங்கே 160 ஏக்கரை 1945-ல் வருடத்துக்கு 614 ரூபாய் 13 அணாவுக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். அரசு கேட்ட பாக்கி 730 கோடி. நான் பி.காம். படித்தவன், இப்படிப்பட்ட கணக்குகளை ரசித்துப் படிப்பேன். அந்த 13 அணாவை மட்டும் பல தடவை படித்தேன். ஆனால் ஒரு பக்கம் நிலம், இன்னொரு பக்கம் வாடகை என்று நடந்த அத்தனை பேச்சிலும் குதிரை எந்தப் பத்தியில் வந்தது? தேய்மானத்தில்கூட இல்லை. எங்கள் கணக்குப் பாடத்தில் ஒரு முறை உண்டு. சின்னச் சின்னக் கருவிகளுக்கும் கால்நடைகளுக்கும் வருடக் கடைசியில் மறுமதிப்புப் போட்டு, குறைந்த தொகையை நஷ்டத்தில் எழுத வேண்டும். சுத்தியலும் குதிரையும் ஒரே வரியில் வரும். பரீட்சைக்கு அது சரி.

1996-ல் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் திறமையில் குதிரையின் வேகமும் பயிற்சியும் சேர்த்தி. திறமைசாலிக்குச் சம்பளம் கொள்ளும் புல்லும்தான்.

மலையை விடுங்கள், ஊருக்குள் வருவோம். சிவகாசியில் அச்சாகிற காலண்டர்களில் ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடுகிற படம் இருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் முதல் ஜவுளிக்கடை வரை மாட்டியிருப்பார்கள், பணம் ஓடி வருமாம். நிஜக் குதிரை நம் நகரத்துக்குள் வருவது கல்யாண சாரட்டுக்கு. முகூர்த்தமோ மே மாதம். தார் ரோடு கொதிக்கும். 37 டிகிரிக்கு மேல் போனால் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது அதே 1965 விதி. வண்டியில் நாலு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் சொல்கிறது. எந்தக் கல்யாண வீட்டுக்காரர் தெர்மாமீட்டர் பார்த்தார்? போதாக்குறைக்குக் காலடியில் வெடி. நான் பட்டாசுக்கு எதிரி இல்லை. எங்கள் மாவட்டத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் நமக்கு எட்டாத சத்தமும் குதிரைக் காதுக்கு எட்டும். அதன் காலுக்குப் பக்கத்தில் திரியைக் கொளுத்துகிறவனைத்தான் கேட்கிறேன். குதிரை மிரண்டு ஓடினால் 'குதிரை சரியில்லை' என்பான்! குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்று பழமொழி சொல்கிறோமே, அதில் குதிரையும் ஆளும் இடம் மாறிவிட்டார்கள்.

'குதிரைக்காரன் வயிற்றில் அடிக்கிறீர்களே?' என்பீர்கள். இல்லை. தடை போடச் சொல்லவில்லை. மும்பையில் சுற்றுலா விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-ல் ஹைகோர்ட் சொன்னது. ஒரே வருடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அப்படி ஒரு நாள் இங்கே வருவதற்குள், இருக்கிற விதியையாவது நடத்துங்கள் என்கிறேன். குதிரைக்காரரின் வயிற்றில் அடிப்பவர் வேறு ஆள். ஏரிக்கரையில் ஓட்டலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, ஒரு சுற்றுக்கு ஐம்பது ரூபாய் குறை என்று பேரம் பேசுகிறாரே, அவர்தான். அந்த ஐம்பது ரூபாயை ஈடுகட்டக் குதிரை இன்னொரு சுற்றுப் போகும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக் கூடாது, நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் வேலை என்றும் விதியில் இருக்கிறது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அதை யார் எண்ணுகிறார்கள்?

கொடைக்கானல் நகராட்சிக்கு இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். குதிரை நிற்கிற இடத்தில் ஒரு எடை மெஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, தமிழில் ஒரு போர்டு. போர்டில் கட்டணத்தை எழுதுங்கள், பேரம் இல்லை என்று எழுதுங்கள், எழுபது கிலோ என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ரயில்வே ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் காசு போட்டால் சீட்டு விழுமே, அந்த மாதிரி மெஷின் கிடைத்தால் ரொம்ப நல்லது. குழந்தைகள் வரிசையில் நிற்கும். அப்பாமார்கள் மெள்ள நழுவி, வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பார்கள்.