டிராயருக்குள் நிலா

தாமஸ் ஹாரியட்டை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இங்கிலாந்துக் கணக்குப்புலி. 1609-ல் டெலஸ்கோப்பில் நிலாவைப் பார்த்து வரைந்தார், கலிலியோவுக்கு நாலு மாசம் முன்னாடி! ஒளிவிலகல் விதியையும் ஸ்நெல்லுக்கு முன்பே பிடித்துவிட்டார். இவற்றில் எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். ஆதரித்த பெரிய மனிதர்கள் ராலேயும் பெர்சியும் லண்டன் டவர் சிறையில். இவரையும் 1605-ல் கொஞ்ச நாள் உள்ளே தள்ளினார்கள். மனுஷர் வாயைத் திறப்பாரா?

1621-ல் போய்ச் சேர்ந்தார். அல்ஜீப்ரா புத்தகம் 1631-ல்தான் வந்தது. ஸ்கூலில் நம்மைக் குழப்பிய >, < குறிகள் முதன்முதலில் அச்சேறியது அதில்தான். பெயரென்னவோ கலிலியோவுக்கும் ஸ்நெல்லுக்கும்.

ஐடியாவை டிராயரில் பூட்டி வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கு எந்த டவரும் காத்திருக்கவில்லை. அதிகபட்சம் மானேஜர் முறைப்பார். நீட்டிவிடுங்கள்!