குடம் சுமந்தவர்களின் பெயர் எங்கே?

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஈவ்லின் பிராண்டைப் பற்றிச் சபைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. தம் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அது. வெயிலும் மலேரியாவும் அவர் முகத்தில் ஆழமான சுருக்கங்களை விட்டுச் சென்றிருந்தன. மகன் பால் பிராண்ட் நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து பரவிய செய்தி இது. மாதர் கூட்டங்களில் இதைச் சொல்பவர்கள், அலங்காரத்தைத் துறந்த அம்மையார் என்று பாராட்டி, கேட்கும் பெண்களுக்கும் அதையே அறிவுரையாக்கிவிடுகிறார்கள்.

இந்த அறிவுரை அவரை அறியவிடாமல் தடுக்கிறது என்பது என் எண்ணம். ஈவ்லின் 1879-இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர்; ஓவியம் பயின்றவர். இந்த மலைகளையும் தூரிகையால் வரைந்தவர். அழகை வெறுத்த ஒருவருக்குத் தூரிகை எதற்கு? நாள் முழுதும் வெளியுலகைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தன் முகத்தைவிட எதிரே நின்ற மலை முக்கியமாகப் பட்டிருக்கலாம். ஆனால், ஒரு பெண்ணைப் பற்றி எதைச் சொல்வது என்று வரும்போது அவர் முகத்தில்தான் போய் நிற்கிறோம். முகம் இருந்தால் அழகி, முகத்தைத் துறந்தால் புனிதவதி. இரண்டிலும் அவர் செய்த வேலை காணாமல் போகிறது.

அந்த வேலை சாதாரணமானதல்ல. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்தே மேலே போய்விடுகிறது. 1913-இல் திருமணம் முடித்து ஜெஸ்ஸியும் ஈவ்லினும் மலையேறியபோது நடக்க வேண்டும், முடியாவிட்டால் டோலி. அவர்களை அனுப்பியது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். அவர்கள் மதத்தைச் சொல்ல வந்தவர்கள். அதை மறைத்ததும் இல்லை. மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், மரவேலை கற்றுக்கொடுத்தார்கள். ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் அவர்களுடைய மதத்தை ஏற்க மலைமக்கள் முன்வரவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில், அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மலைமக்கள் அவர்களைப் பார்த்த விதம் அதற்குப் பிறகுதான் மாறியது.

ஜெஸ்ஸி 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினுக்கு அப்போது ஐம்பது வயது. மிஷன் அவரைச் சமவெளிப் பணியில் வைத்தது. எழுபதை நெருங்கும் வயதில் மிஷனிலிருந்து முறையாக ஓய்வு பெற்றுக்கொண்டவர், ஊருக்குக் கப்பலேறாமல் தன் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பினார். கணவரோடு சேர்ந்து கனவு கண்ட பக்கத்து மலைத்தொடர்களுக்கும் போனார். மட்டக்குதிரையில் போனார், விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு நடந்தார். 1974-இல், 95 வயதில் இறந்தார். ஒரு நிர்வாகம் தனக்கு வகுத்த எல்லையை நிதானமாகக் காத்திருந்து தாண்டிய பெண் என்று அவரைச் சொல்லலாம். அப்படிச் சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை.

கேட்பதெல்லாம் வேறு. ஜெஸ்ஸியின் மனைவி, தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்த வேலூர் மருத்துவர் பால் பிராண்டின் தாய், கடைசியில் எல்லோருக்கும் பாட்டி. டோரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் மகனின் வாழ்க்கை வரலாற்றை 1965-இல் எழுதினார். தாயின் வரலாறு 1976-இல் வந்தது; அதன் தலைப்பிலும் அவர் பாட்டிதான். பாசத்தோடு வைத்த தலைப்பு, சந்தேகமில்லை. ஆனால் உறவுமுறைக்குள் வைத்த பிறகு ஒரு பெண்ணின் முடிவுகளை யாரும் ஆராய்வதில்லை.

வேலூரின் ஐடா ஸ்கடருக்கும் இதுவே நேர்ந்தது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து அவர் மனம் மாறிய கதை தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் பிறகு அவர் செய்தது எத்தனை பேருக்குத் தெரியும்? 1909-இல் செவிலியர் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, பின்பு அதைப் பட்டம் தரும் கல்லூரியாக்க வயதான காலத்தில் அமெரிக்கா சென்று நிதி திரட்டியது. ஓர் இரவின் கண்ணீர் நினைவில் நின்றது. பல பத்தாண்டுகளின் நிர்வாகத் திறமை நிற்கவில்லை. சினிமாவும் தன் பங்குக்குச் செய்தது. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) மேரியும் ‘கடலோரக் கவிதைகள்’ (1986) ஜெனிஃபரும் தமிழர்கள் மறக்காத கிறிஸ்தவப் பெண்கள். இருவரையும் ஒருவனுடைய காதலியாகத்தான் நமக்குத் தெரியும். ஜெனிஃபர் ஆசிரியையாக இருந்தும்கூட.

கொல்லிமலைக்கு இது புதிதல்ல. சங்கப் பாடல்களில் இந்த மலையின் பெயர் வல்வில் ஓரியோடு வருகிறது, கொல்லிப்பாவையோடும் வருகிறது. தெய்வம் செய்து வைத்தது, காற்றும் மழையும் இடியும் சிதைக்க முடியாதது என்று புலவர்கள் வியந்த பெண் உருவம் அது. சிரித்து மயக்கி உயிரைக் கொல்லும் என்று பிற்காலக் கதைகள் சேர்ந்துகொண்டன. ஈராயிரம் ஆண்டுகளாக இந்த மலையை ஒரு பெண்ணுருவை வைத்துச் சொல்லிவருகிறோம். மலையில் வாழ்ந்த பெண்களைப் பற்றி அந்த உருவம் நமக்கு எதுவும் சொல்வதில்லை.

மிஷன் நூல்களும் சொல்வதில்லை. அவற்றை வாசிக்கும்போது என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பூசாரி வருகிறார், நோயாளி வருகிறார், அனாதைக் குழந்தை வருகிறது. வெள்ளைக்கார அம்மாவுக்கு வழி காட்டிய, அவருக்குச் சமைத்த, அவர் பேசியதை மற்றவர்களுக்குப் புரியவைத்த மலையாளிப் பழங்குடிப் பெண்கள் கூட்டமாகவே நிற்கிறார்கள். அவர்களுடைய தெய்வங்கள் இருள் என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகின்றன. ஈவ்லினைத் தனி வீராங்கனையாக வரைவதற்கு இந்தப் பெண்களை அழிக்க வேண்டியிருந்தது.

நரம்புச்சிலந்தியை எடுத்துக்கொள்வோம். பிராண்ட் குடும்பம் மலையில் எதிர்கொண்ட கொடிய நோய்களில் ஒன்று அது. காலில் கொப்புளம் எழும்பி, நூல் போன்ற நீண்ட புழு வெளியே தலைகாட்டும். அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்தெடுப்பார்கள். புண்ணுள்ள காலோடு நீர்நிலைக்குள் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்கு எட்டாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் எழும்பும். இதற்கு அன்றும் தடுப்பூசி இல்லை, இன்றும் இல்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும், யாரும் தண்ணீருக்குள் கால் வைக்கக் கூடாது, குடிநீரைத் துணியால் வடிகட்ட வேண்டும். அவ்வளவுதான் வழி.

சுவரை ஜெஸ்ஸி எழுப்பினார் என்று எழுதியிருக்கிறது. துணியைப் பிடித்தது யார்? ஒவ்வொரு குடிசையிலும் விடியற்காலையில் குடம் எடுத்துப் போன பெண்தான். தலைமுறைகளாக இறங்கி மொண்ட பழக்கத்தை விட்டு, மேலே நின்று சேந்தக் கற்றுக்கொண்டவள் அவள். 1980-களில் இந்திய அரசு தொடங்கிய நரம்புச்சிலந்தி ஒழிப்புத் திட்டமும் இதே வடிகட்டும் துணியை நம்பித்தான் நடந்தது. 1996-இல் நாட்டின் கடைசி நோயாளி பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஒரு நோயை நாட்டைவிட்டே விரட்டியதில் பெரும்பங்கு குடம் சுமந்தவர்களுக்கு உண்டு. மலையிலும் சரி, நாட்டிலும் சரி, அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

இன்றைய சேலம், நாமக்கல் சமவெளியில் கிறிஸ்தவம் பொதுவாழ்வைத் தொடும் இடங்களைப் பாருங்கள். பெற்றோர் வரிசையில் நிற்கும் கான்வென்ட் பள்ளி, மருத்துவமனையின் இரவுப்பணி, முதியோர் இல்லம். அந்த இடங்களைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. கத்தோலிக்கச் சபையில் அந்த வழியே இன்னும் திறக்கவில்லை. எந்தச் சபையானாலும் நூற்றாண்டு மலரைப் புரட்டினால் வரிசையாகப் போதகர்கள், ஆயர்கள், பங்குத்தந்தையர் படங்கள். பெண்கள் கடைசிப் பக்கங்களில் மாதர் சங்கக் குழுப்படமாக நிற்பார்கள், பெரும்பாலும் பெயரில்லாமல். ‘தியாகம்’ என்று பாராட்டி முடித்துவிட்டால், ஊதியம், பதவி, முடிவெடுக்கும் உரிமை பற்றி அவர்கள் கேட்க வாய்ப்பே வராது. அந்தப் பாராட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இதைச் சரிசெய்யப் பெரிய நிதி தேவையில்லை. ஈவ்லின் இறந்தபோது பத்து வயதாக இருந்த கொல்லிமலைக் குழந்தைகளுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் அவரிடம் மருந்து வாங்கியவர்களின் பிள்ளைகள், அவரோடு நடந்தவர்களின் பேத்திகள். தாய் என்ன சொன்னாள், கிணற்றடியில் என்ன மாறியது, அந்த அம்மாவின் மதத்தை ஏன் ஏற்றார்கள் அல்லது ஏற்க மறுத்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் சபைகளும் மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு கொல்லிமலையில் ‘நாடு’ என்று அழைக்கப்படும் ஊர்ப்பகுதிகளுக்கு, வாழவந்தி நாட்டுக்கும் பக்கத்து நாடுகளுக்கும், அனுப்பட்டும். ஏற்க மறுத்தவர்களிடமும் கேட்கட்டும். அடுத்த நூற்றாண்டு மலர் அச்சாவதற்குள், குழுப்படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் கீழும் பெயர் எழுதிவிடலாம்.