திங்கட்கிழமை வர முடியாதவளின் மனு

மதிப்பிற்குரிய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



திங்கட்கிழமைதோறும் தங்கள் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. நானும் மனு எழுதி வைத்தேன். நேரில் வந்து கொடுக்கத்தான் முடியவில்லை. நாவலூரிலிருந்து திருப்போரூர் போய், பஸ் மாறி, செங்கல்பட்டில் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு பகல் போய்விடும். அந்த ஒரு பகல் என் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? என் குறையே அதுதான். அதனால் மனு, மடலாகிவிட்டது.

அம்மாவுக்கு 74 வயது. டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். தெருவில் ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்கிறார்கள். காலையில் சாப்பிட்டது நினைவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் நடவு நட்ட கழனி மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. பொழுது சாய்ந்தால் ‘மாடு கட்டணும்’ என்று செருப்பைத் தேடுவார். அந்தக் கழனியில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. போகிற வழியில் ஆறுவழிச் சாலை. பழைய ஊர் மட்டுமே நினைவில் தங்கிய ஒருவருக்கு, அந்த ஊரே இல்லாமல் போய்விட்டது. நாவலூர், படூர், தாழம்பூர்க்காரர்களுக்கு நோயோடு சேர்ந்து வந்த சோதனை இது. போன தை மாதம், நான் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். பழைய சுங்கச்சாவடிப் பக்கம் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர் அழைத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து நான் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை.

சிறுசேரி சிப்காட்டில் கணக்குப் பிரிவில் இருந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பரிசோதனைக்குப் போன இடத்தில் மாத்திரை எழுதி, ‘கூடவே இருந்து பாத்துக்கோங்கம்மா’ என்றார்கள். இரவு இரண்டு மணியும் அந்தக் ‘கூடவே’யில் அடக்கம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ‘என் தோட்டை இவதான் எடுத்துட்டா’ என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னபோது அண்ணனே என்னை ஒரு மாதிரி பார்த்தார். தோடு அரிசி டின்னில் இருந்தது. திருட்டுப் பழி போடுவது நோயின் குணம், மனசின் குணம் அல்ல என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், அன்றைக்கு அம்மாவிடம் கத்தியிருக்க மாட்டேன்.

இந்த நோய் எங்கள் பகுதியில் இருப்பது புதுச் செய்தி அல்ல. திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களை ஆராய்ந்து, நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு டிமென்ஷியா என்று மனநல மருத்துவர்கள் 1997இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். 2023இல் வந்த நாடு தழுவிய கணக்கு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காடு, ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அதிகமாம். நோயாளிகளை எண்ணிவிட்டோம். பக்கத்தில் கண்விழித்துக் கிடப்பவர்களை எந்தக் கணக்கிலும் காணோம்.

வழி இல்லாமல் இல்லை. கோவாவில் 81 குடும்பங்களிடம் ஒரு சோதனை முயற்சி நடந்தது. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது போய், ஆறு மாதம், நோயைப் பற்றிப் புரியும்படி பேசினார்கள். பராமரிப்பவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. பக்கத்துக் கேரளமோ 2014இலேயே ‘ஸ்மிருதிபதம்’ என்று டிமென்ஷியாவுக்கெனத் திட்டம் தொடங்கி, குன்னங்குளத்தில் பகல்நேர இல்லம் திறந்தது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அங்கே ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொகை சிறியதுதான். ஆனாலும் ‘நீ செய்வதும் வேலைதான்’ என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

நம்மிடம் அதைவிடப் பெரிய ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் வாசல் வரை வருகிறது. அந்தத் தன்னார்வலர் அக்கா அம்மாவுக்கு பிரஷர் பார்க்கிறார், சுகர் மாத்திரை கொடுக்கிறார், நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. நோட்டில் எனக்குக் கட்டம் இல்லை.

எனவே கேட்பது இரண்டே:

ஒன்று, திருப்போரூர் வட்டாரத் தன்னார்வலர்களுக்கு இந்த நோயைப் பற்றிப் பயிற்சி கொடுங்கள். மாதம் ஒரு முறை கால்மணி நேரம் பராமரிப்பவரோடு உட்கார்ந்து பேசுவதும் அவர்கள் பணி என்று ஆணையிடுங்கள். ‘நீ தூங்கினியாம்மா?’ என்ற கேள்விக்கும் அந்த நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள்.

இரண்டு, இந்தப் பக்கத்தில் ஒரு பகல்நேர இல்லம். சும்மா கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்று போதும். சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் நடத்திவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் திறந்தாலும் சரி: பேங்க்குக்குப் போக, ஒரு துக்கம் விசாரிக்க, கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க.

அம்மாவை வேறு எங்காவது விட்டுவிட வழி கேட்கவில்லை. தொடர்ந்து பார்த்துக்கொள்ளத் தெம்பு கேட்கிறேன்.

மணி ஐந்தரை. அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். கழனி இல்லை என்று சொல்லிப் பார்த்தால் அழுகிறார், இப்போதெல்லாம் சொல்வதில்லை. தெருக்கோடி வரை நடந்து, மாட்டைக் கட்டியாயிற்று என்று திரும்ப வேண்டும். கூடவே போய்விட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நாவலூரிலிருந்து ஒரு மகள்